அப்லோட் ஆன ஃபைலை யாரெல்லாம் திறந்து படிக்கிறார்கள்?

2018 அக்டோபரில் அகமாய் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் வேலை பார்த்த லாரி கேஷ்டாலர் ஒரு பாதுகாப்பு ஓட்டையை வெளியே சொன்னார். செபாஸ்டியன் ட்சான் எழுதிய, ப்ளூஇம்ப் என்ற பெயரில் பிரபலமான ஜேக்வெரி ஃபைல் அப்லோட் பிளகினில், அதாவது தளத்தில் ஃபைல் ஏற்றும் வசதியைச் சேர்க்கும் கோட் தொகுப்பில், இருந்த ஓட்டை அது. அப்போதே கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் 7,800 பேருக்கு மேல் அதை ஃபோர்க் செய்து, அதாவது தங்களுக்கென நகல் எடுத்து, வைத்திருந்தார்கள், எத்தனையோ தளங்களில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு வந்த, சர்வரில் ஓடும் பிஎச்பி மொழிக் கோட் எந்த வகை ஃபைலையும் வாங்கிக்கொள்ளும், .பிஎச்பி ஃபைலைக்கூட. வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் ஒரு ஸ்கிரிப்டை ஏற்றிவிட்டு, அதன் முகவரியை பிரவுசரில் தட்டினால் போதும், அது சர்வரில் ஓடும்.

இதைக் கேட்டதும் எழுதியவர் கவனக்குறைவானவர் என்றுதான் தோன்றும். ஆனால் அவர் அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தார். அப்லோட் ஃபோல்டருக்குள் .எச்டிஆக்சஸ் என்ற அமைப்பு ஃபைலைப் போட்டு, இங்கே இருக்கும் எதையும் ஸ்கிரிப்டாக ஓட்டாதே என்று அப்பாச்சி என்ற வெப் சர்வரிடம் சொல்லியிருந்தார். பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. அப்பாச்சியின் 2.3.9 பதிப்பிலிருந்து, ஃபோல்டருக்குள் கிடக்கும் .எச்டிஆக்சஸ் ஃபைல்களை சர்வர் படிக்காமல் விடுவதே இயல்புநிலை ஆகிவிட்டது, வேண்டுமென்றால் நிர்வாகி தனியாக அனுமதிக்க வேண்டும். வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் அது நல்ல முடிவுதான். ஆனால் அந்த மாற்றம் 2010-லேயே வந்துவிட்டது. எட்டு வருடமாகக் காவலுக்கு நின்ற ஃபைலை யாரும் திறந்தே பார்க்கவில்லை. தாக்குபவர்களுக்கு மட்டும் விஷயம் தெரிந்திருந்தது, குறைந்தது மூன்று வருடமாக அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

அப்லோட் ஓட்டைகளில் பெரும்பாலானவற்றின் உருவம் இதுதான் என்பது என் கணிப்பு. ஃபைல் தனியாக இருக்கும்போது அது வெறும் பைட்டுகள், நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. அதை ஒன்றன்பின் ஒன்றாகப் பல புரோகிராம்கள் படிக்கின்றன: உங்கள் கோட், வெப் சர்வர், படத்தைச் சின்னதாக்கும் லைப்ரரி, ஜிப்பைப் பிரிக்கும் கருவி, கடைசியில் இன்னொருவருடைய பிரவுசர். ஒவ்வொன்றும் அந்த பைட்டுகளைத் தன் வழக்கப்படி புரிந்துகொள்கிறது. ஒன்று சோதித்துவிட்டு "படம்தான், விடு" என்கிறது, அடுத்தது அதையே திறந்து "இது கோட்" என்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் ஆள் நுழைகிறான்.

சரி, முதல் படியிலிருந்து பார்ப்போம். பிரவுசர் வழியாக ஃபைல் அனுப்பும் முறை 1995 நவம்பரில் ஆர்எஃப்சி 1867 என்ற ஆவணமாக வந்தது, ஜெராக்ஸில் இருந்த நெபலும் மசின்டரும் எழுதியது. மல்டிபார்ட் ஃபார்ம்-டேட்டா என்று இன்றும் நாம் பயன்படுத்துவது அதைத்தான். அந்தக் கோரிக்கையைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் மேலே இரண்டு வரி இருக்கும். ஒன்றில் ஃபைலின் பெயர், இன்னொன்றில் கன்டென்ட்-டைப், அதாவது இது இமேஜ்/ஜேபெக், இது அப்ளிகேஷன்/பிடிஎஃப் என்கிற தகவல். இரண்டையும் எழுதுவது அனுப்புகிறவர். பார்சல் மேல் அனுப்புகிறவரே "உள்ளே புத்தகம்" என்று ஒட்டிய சீட்டு மாதிரிதான், அதைப் படித்துவிட்டு சோதனை முடிந்தது என்று சொல்ல முடியாது. பிஎச்பியில் ஃபைல்ஸ் அணியில் டைப் என்று ஒரு மதிப்பு வருகிறதே, அது சர்வர் கண்டுபிடித்துச் சொன்னது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது பிரவுசர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வது, அவ்வளவுதான். எச்டிஎம்எல் ஃபார்மில் படங்கள் மட்டும் என்று போடுகிற அக்செப்ட் குறிப்பும், ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிற சோதனையும் நல்ல பயனருக்கு வசதி. பிரவுசரே இல்லாமல் கர்ல் என்ற கட்டளைக் கருவி வைத்து அனுப்புகிற ஆளுக்கு அவை இருப்பதே தெரியாது.

அப்போ உள்ளடக்கத்தையே பார்த்துவிடலாமே? பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும், ஆனால் அதோடு நிம்மதியாகிவிடக் கூடாது. ஜிஃப் ஃபைல் என்றால் முதல் ஆறு எழுத்து பெரும்பாலும் ஜிஐஎஃப்89ஏ என்று இருக்கும், வகை கண்டுபிடிக்கிற கருவிகள் பெரும்பாலும் அந்தத் தொடக்கத்தைத்தான் பார்க்கின்றன. இப்போது ஒரு வெற்று டெக்ஸ்ட் ஃபைலில் முதலில் அந்த ஆறு எழுத்தை எழுதி, அதன்பின் பிஎச்பி கோட் ஒரு வரி எழுதுங்கள். வகை பார்க்கும் கருவி ஜிஃப் படம் என்று சொல்லும். அதையே பிஎச்பியிடம் கொடுத்தால் அது என்ன செய்யும்? பிஎச்பி குறி வரும் வரை உள்ளதையெல்லாம் சாதாரண டெக்ஸ்டாக வெளியே துப்பிவிட்டு, குறி வந்ததும் கோடை ஓட்டும். பக்கத்தின் தலையில் அந்த ஆறு எழுத்து அச்சாகும், கீழே தாக்குபவர் கேட்டது நடக்கும். இரண்டு புரோகிராமும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தன.

படத்தை ஒருமுறை முழுதாகப் பிரித்துப் பிக்சல்களாக்கி, புதிதாக எழுதிச் சேமிப்பது இதைவிட நல்ல வழி. ஒட்டவைத்த கோட், எக்ஸிஃப் என்ற கேமராக் குறிப்பில் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் இடக்குறிப்பு எல்லாம் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஆனால் இதுவும் முழுச் சுவர் இல்லை. பிஎச்பியில் படங்களைக் கையாளும் ஜிடி லைப்ரரி அளவு குறைத்து மறுபடி எழுதிய பிறகும் கோட் பிழைத்திருக்கும்படி பிக்சல்களைத் தேர்ந்தெடுத்து பிஎன்ஜி செய்ய முடியும் என்று பல வருடம் முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். அதனால் உள்ளே என்ன இருந்தாலும் ஓடாத இடத்தில் வைப்பதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஓடுமா ஓடாதா என்று முடிவு செய்வது வெப் சர்வர், அதன் வாசிப்பு நாம் நினைப்பதைவிட விசித்திரமானது. அப்பாச்சியில் ஒரு பெயருக்குப் பல எக்ஸ்டென்ஷன் இருக்கலாம். ஆட்ஹேண்ட்லர் கட்டளையால் பிஎச்பியை இணைத்திருந்தால், படம்.பிஎச்பி.ஜேபிஜி என்ற பெயரில் கடைசிப் பகுதியை மட்டும் நீங்கள் பார்த்திருப்பீர்கள், நடுவில் இருப்பதை அது பார்க்கும். மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் 6 வெப் சர்வரில், அதன் ஸ்கிரிப்ட் வகையான .ஏஎஸ்பிக்குப் பின் ஒரு அரைப்புள்ளியும் .ஜேபிஜியும் சேர்த்தால் அரைப்புள்ளியோடு படிப்பதை நிறுத்திவிட்டு ஸ்கிரிப்டாக ஓட்டிவிடும், இது 2009 கடைசியில் வெளியானது. எனக்கு மிகவும் பிடித்தது எஞ்சினெக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வரின் கதை. பலரும் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய கான்ஃபிகரேஷன், முகவரி .பிஎச்பி என்று முடிந்தால் பிஎச்பிக்கு அனுப்பு என்று சொல்லும். அப்லோட்ஸ்/முகம்.ஜேபிஜி/எதாவது.பிஎச்பி என்று கேட்டால் அதுவும் .பிஎச்பியில் முடிகிறது, அனுப்பிவிடும். பிஎச்பி அப்படி ஒரு ஃபைலைத் தேடும், இருக்காது. உடனே உதவி செய்கிற நினைப்பில் பாதையில் ஒவ்வொரு துண்டாகப் பின்னால் வந்து, முகம்.ஜேபிஜி இருக்கிறதே, இதைத்தான் கேட்டிருப்பார்கள் என்று எடுத்து ஓட்டிவிடும். பின்னாளில், பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷன்களை மட்டுமே ஓட்டும்படி தடை வைத்தார்கள். .எச்டிஆக்சஸ் படிக்கப்படுகிற சர்வரில் ஆபத்து வேறு மாதிரி வரும்: ஃபைல் பெயரை அப்படியே வைத்துக்கொள்கிற தளமாக இருந்தால், தாக்குபவரே ஒரு .எச்டிஆக்சஸை ஏற்றி, இனி இந்த ஃபோல்டரில் .ஜேபிஜி என்றால் பிஎச்பி என்று எழுதிவிடலாம்.

இத்தனை வாசிப்புகளையும் ஒவ்வொன்றாக ஞாபகம் வைத்துத் தடுப்பது நடக்காத காரியம். .பிஎச்பி கூடாது, .பிஎச்டிஎம்எல் கூடாது, .பிஎச்ஏஆர் கூடாது என்று தடைப் பட்டியல் எழுத ஆரம்பித்தால் அது முடியவே முடியாது. வெப் சர்வர் காட்டுகிற ஃபோல்டருக்கு வெளியே ஃபைலை வையுங்கள், அல்லது சேமிக்க மட்டும் தெரிந்த, எதையும் ஓட்டத் தெரியாத ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் வையுங்கள். முகவரியே இல்லாத ஃபைலை எந்தச் சர்வரும் தப்பாகப் படிக்க முடியாது. பயனர் கேட்கும்போது உங்கள் கோட் எடுத்துக் கொடுக்கட்டும்.

பெயரையும் நீங்களே வையுங்கள். யூயூஐடி என்ற, தற்செயலாக உருவாகும் நீளமான அடையாளம் ஒன்று போதும், எக்ஸ்டென்ஷனை நீங்கள் கண்டுபிடித்த வகையிலிருந்து போடுங்கள், பயனர் கொடுத்த பெயரை டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையில் வெறும் டெக்ஸ்டாக வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் காட்டுங்கள். இரண்டு புள்ளி, சாய்கோடு வைத்து மேல் ஃபோல்டருக்கு ஏறுகிற வித்தை இதோடு முடிந்துவிடும். பெயரைச் சுத்தம் செய்து பயன்படுத்துகிறேன் என்பவர்களுக்குத் தமிழ் தளங்களில் இன்னொரு தலைவலி காத்திருக்கிறது. பைத்தானில் வெர்க்ஸாயிக் லைப்ரரியின் செக்யூர்_ஃபைல்நேம் என்ற ஃபங்ஷனை ஃபிளாஸ்க் என்ற தொகுப்பில் தளம் எழுதுகிற பலரும் பயன்படுத்துவார்கள். பட்டா நகல்.பிடிஎஃப் என்று பெயரைத் தமிழில் எழுதி, எக்ஸ்டென்ஷனை வழக்கம்போல் ஆங்கிலத்தில் விட்டு அதற்குள் கொடுத்துப் பாருங்கள். அது தமிழ் எழுத்துகள் எல்லாவற்றையும் உதிர்த்து, முன்னால் தொங்கும் புள்ளியையும் சீவிவிட்டு, வெறும் பிடிஎஃப் என்ற மூன்றெழுத்தை மட்டும் திருப்பித் தரும், எக்ஸ்டென்ஷன் இல்லாமல். அடுத்து யாரோ கிரயப் பத்திரத்தைத் தமிழ்ப் பெயரில் ஏற்றினால் அதற்கும் அதே பெயர், முதல் ஆளின் பட்டா மேல் இரண்டாம் ஆளின் பத்திரம் ஏறி உட்காரும். யாரும் தாக்கவே இல்லை, ஆவணம் போய்விட்டது.

தமிழ்ப் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றாலும் சிக்கல்தான். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், லினக்ஸின் இஎக்ஸ்டி4-ல் பெயருக்கு 255 பைட்தான் இடம். அதாவது 85 குறியீடு, அதிலும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி. அரசு ஆணைகளின் தலைப்பையே ஃபைல் பெயராக வைக்கிறவர்கள் சுலபமாக அதைத் தாண்டுவார்கள். ஒகர உயிர்மெய்யை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு வேறு கால் வேறு என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு பெயர்.

இதுவரை பார்த்தது சர்வரின் வாசிப்பு. இன்று இதைவிட மோசமாக அடி விழுவது, அப்லோட் ஆனவுடன் ஃபைலைத் திறந்து வேலை செய்கிற லைப்ரரிகளில். கிட்ஹப் மாதிரி கோட் வைக்கும் தளமான கிட்லேப்பின் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பயனர் ஏற்றும் படங்களில் அவர் இருந்த இடம் முதலான தகவல் கசியக் கூடாது என்று, அவற்றை நீக்க எக்ஸிஃப்டூல் என்ற கருவிக்கு கிட்லேப் அனுப்பும். எல்லா ஃபைலும் போகாது, பெயர் .ஜேபிஜி, .ஜேபெக், .டிஃப் என்று முடிந்தால்தான் போகும். எக்ஸிஃப்டூல் ஒரு பழைய பெர்ல் கருவி, அதற்கு ஏகப்பட்ட வகைகள் தெரியும், பெயரைப் பார்த்து ஏமாறாமல் உள்ளடக்கத்தைப் பார்த்து வகையைக் கண்டுபிடிக்கும். அந்த வகைகளில் டேஜாவூ என்ற ஸ்கேன் ஆவண வகையும் ஒன்று. அதில் வரும் குறிப்புகளைப் படிக்கும் இடத்தில், மேற்கோளுக்குள் இருந்த எழுத்துகளை பெர்ல் மொழியில் எழுத்தைக் கோடாகவே ஓட்டும் ஈவால் கட்டளை வழியாக மதிப்பிட்டிருந்தார்கள், வடிகட்டல் சரியாக இல்லை. ஆக, டேஜாவூ ஃபைல் ஒன்றை .ஜேபிஜி என்று பெயர் மாற்றி ஏற்றினால் கிட்லேப் பெயரைப் பார்த்து விட்டுவிடும், எக்ஸிஃப்டூல் உள்ளடக்கத்தைப் பார்த்து ஓட்டிவிடும். வில்லியம் பவுலிங் கண்டுபிடித்த இதை 2021 ஏப்ரலில் சரிசெய்தார்கள். ஓட்டைகளுக்குப் பொதுவாகத் தரும் சிவிஇ வரிசையில் இதற்கு சிவிஇ-2021-22205 என்ற எண். லாகின்கூடத் தேவையில்லை என்று பிறகு தெரிந்ததும் அபாய மதிப்பெண்ணைப் பத்துக்குப் பத்தாக ஏற்றினார்கள். அந்த அக்டோபர் கடைசியில் ராபிட்7 என்ற பாதுகாப்பு நிறுவனம் கணக்கெடுத்தபோது இணையத்தில் தெரிந்த சுமார் 60,000 கிட்லேப் சர்வர்களில் பாதி இன்னும் பழைய பதிப்பிலேயே இருந்தன.

பயனரின் அந்தரங்கத்தைக் காக்கச் செய்த வேலை என்பதால் இது உறுத்துகிறது. 2016 மே மாதம் இமேஜ்டிராஜிக் என்று பெயர் வாங்கிய, இமேஜ்மேஜிக் என்ற படக் கருவியின் ஓட்டையும் இதே குடும்பம்தான். படம் மாதிரி பெயர் வைத்து உள்ளே எம்விஜி என்ற படம் வரையும் கட்டளைகளை எழுதினால், அதில் வரும் முகவரியை எடுக்க இமேஜ்மேஜிக் ஷெல்லை, அதாவது சர்வரில் கட்டளைகளை ஓட்டும் புரோகிராமை, கூப்பிடும், முகவரிக்குள் மேற்கோள் குறியும் குழாய்க் குறியும் வைத்தால் ஷெல் நமக்கு வேலை செய்யும். அதே வருடம் அக்டோபரில் ஃபேஸ்புக்கிலேயே இந்த ஓட்டை இன்னும் திறந்திருப்பதைக் காட்டிய ஆண்ட்ரே லியோனவுக்கு 40,000 டாலர் பரிசு கிடைத்தது.

இதற்கு வழி, எத்தனை வகை உங்களுக்குத் தேவையோ அத்தனையை மட்டும் லைப்ரரியில் திறந்து வைப்பது. இமேஜ்மேஜிக்கில் பாலிசி ஃபைலில் மற்ற வகைகளை மூடிவிடலாம். வகையை நீங்களே சொல்லிக் கொடுங்கள், இது ஜேபெக், ஜேபெக்காக மட்டும் திற, முடியாவிட்டால் தோல்வி என்று சொல். கருவியின் புத்திசாலித்தனத்துக்கு விடாதீர்கள். அப்புறம் அந்த வேலையைத் தனி கன்டெய்னரில், இணைய இணைப்பு இல்லாமல், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் தெரியாத ஒரு பயனர் கணக்கில் ஓட்டுங்கள். லைப்ரரியில் அடுத்த ஓட்டை என்றைக்காவது வரும், வந்தால் அந்தச் சின்ன அறைக்குள்ளேயே முடியட்டும்.

அளவு விஷயமும் வாசிப்பு விஷயம்தான். 42.ஜிப் என்ற பழைய குறும்பு ஃபைல் 42 கேபிதான், அடுக்கடுக்காகப் பிரித்தால் 4.5 பெட்டாபைட் ஆகும். அடுக்கே இல்லாமல் ஒரே பிரிப்பில் 10 எம்பியை 281 டெராபைட்டாக விரிக்க முடியும் என்று டேவிட் ஃபிஃபீல்ட் 2019-ல் காட்டினார். 30,000-க்கு 30,000 பிக்சலில் ஒரே நிறத்தில் பிஎன்ஜி செய்தால் டிஸ்க்கில் சில எம்பிதான், பிரித்தால் மெமரியில் 2.7 ஜிபி. பைத்தானின் பில்லோ சுமார் 9 கோடி பிக்சலைத் தாண்டினால் எச்சரிக்கும், அதன் இரண்டு மடங்கைத் தாண்டினால் திறக்கவே மறுக்கும். உங்கள் லைப்ரரியில் அப்படி இல்லையென்றால் தலைப்பில் இருக்கும் நீள அகலத்தை முதலில் படித்துவிட்டு முடிவெடுங்கள். ஜிப்பைப் பிரிப்பவர்கள் உள்ளிருக்கும் ஒவ்வொரு பெயரும் மேல் ஃபோல்டருக்கு ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும், 2018-ல் ஸ்னைக் நிறுவனம் ஜிப் ஸ்லிப் என்று பெயரிட்டது இதற்குத்தான்.

மல்டிபார்ட்டைப் பிரிக்கிற பார்சரும் ஒரு வாசகர்தான், அதை மறந்துவிடுகிறோம். ஜாவாவில் தளம் கட்ட உதவும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸில் அந்தப் பார்சர், தனக்குப் புரியாத கன்டென்ட்-டைப் வந்தால் பிழைச் செய்தி தயாரிக்கும், அந்தச் செய்திக்குள் வந்த, ஓஜிஎன்எல் என்ற சிறு மொழியில் எழுதிய கோவையை ஓட்டியும் விடும். தளத்தில் அப்லோட் ஃபார்மே இல்லாவிட்டாலும் போதும். 2017 மார்ச்சில் இதற்குத் திருத்தம் வந்தும் போடாமல் விட்ட, கடன் மதிப்பீட்டு நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் சுமார் 14.7 கோடி அமெரிக்கர்களின் விவரம் போனது.

கடைசி வாசகர் இன்னொருவரின் பிரவுசர். எஸ்விஜி என்பது படம் என்ற பெயரில் வரும் எக்ஸ்எம்எல், உள்ளே ஸ்கிரிப்ட் எழுதலாம். பக்கத்தில் இமேஜ் குறிக்குள் வைத்தால் ஓடாது, அதன் முகவரியை நேராகத் திறந்தால் உங்கள் டொமைனின் பெயரில் ஓடி, லாகின் ஆகியிருக்கிறவர் செய்யக்கூடியதையெல்லாம் செய்யும். பயனர் ஏற்றியதைத் தரும்போது கன்டென்ட்-டிஸ்போசிஷன் அட்டாச்மென்ட் என்று போடுங்கள், டவுன்லோட் ஆகட்டும். எக்ஸ்-கன்டென்ட்-டைப்-ஆப்ஷன்ஸ் நோஸ்னிஃப் போடுங்கள், பிரவுசர் தானாக வகையை ஊகிப்பதை நிறுத்தும். முடிந்தால் வேறு டொமைனிலிருந்தே கொடுங்கள். கூகுளும் கிட்ஹப்பும் பயனர் ஃபைல்களுக்கென்று யூசர்கன்டென்ட் என்று முடியும் தனி டொமைன் வைத்திருப்பது அழகுக்காக இல்லை.

கொடுக்கும்போது யார் கேட்கிறார் என்றும் பாருங்கள். ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற அமெரிக்க நிலப்பத்திர நிறுவனத்தில் ஆவண முகவரியின் எண்ணை ஒன்று கூட்டினால் அடுத்தவரின் வீட்டுக் கடன் பத்திரம் வந்தது, லாகின் கேட்கவில்லை. 2019-ல் வெளியே தெரிந்தபோது சுமார் 88.5 கோடி ஆவணங்கள் அப்படிக் கிடந்தன. யூயூஐடி வைத்தால் ஊகிக்க முடியாது, ஆனால் அது பூட்டு ஆகாது. முகவரி வாட்ஸாப்பில் ஒருமுறை பகிரப்பட்டால் முடிந்தது. அமேசானின் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜான எஸ்3 வைத்திருப்பவர்கள் பக்கெட்டை, அதாவது ஃபைல்கள் இருக்கும் பெட்டியை, மூடிவைத்து, அனுமதியைச் சோதித்த பிறகு சில நிமிடம் மட்டும் செல்லும் கையெழுத்திட்ட முகவரி கொடுங்கள். பிரவுசரிலிருந்து நேராக எஸ்3க்கு ஏற்ற விடுகிறீர்கள் என்றால், போஸ்ட் பாலிசி என்ற அப்லோட் விதிகளில் அளவு வரம்பையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் பில் வரும்போதுதான் தெரியும்.

வைரஸ் ஸ்கேனரைப் பற்றிக் கேட்பார்கள். கிளாம்ஏவி போடலாம், மற்ற பயனர்கள் டவுன்லோட் செய்கிற தளமென்றால் போடத்தான் வேண்டும். ஆனால் இன்று காலை கையால் எழுதிய ஒரு வரி ஸ்கிரிப்டை அது கண்டுபிடிக்கும் என்று நம்பி மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் தளம் பிஎச்பி என்றால் இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். இன்றைய தேதியை அச்சடிக்கும் ஒரு வரி பிஎச்பியை எழுதி, அப்லோட் ஃபோல்டரில் நேரடியாக, அப்லோட் ஃபார்ம் வழியாக இல்லாமல், வையுங்கள். ஏனென்றால் ஃபார்மின் சோதனை என்றாவது தோற்கும்போது என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பிரவுசரில் அதன் முகவரியைக் கேளுங்கள். 404 வந்தால் சரி, கோட் அப்படியே டெக்ஸ்டாக டவுன்லோட் ஆனாலும் ஓரளவு சரி. தேதி வந்தால் முதலில் அந்த ஃபோல்டரை இடம் மாற்றுங்கள், பிறகு அதில் ஏற்கெனவே கிடக்கும் ஃபைல்களில் படம் இல்லாதவை எவை, எந்தத் தேதியில் வந்தவை என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.